அண்ணனோட எக்ஸெல் ஷீட்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். மொக்கை பதிவு போடறப்ப வர்ற வேகம் இந்த மாதிரி விஷயத்துக்கு வர மாட்டேங்குது. காரணம், இதுல வில்லன் நான்தான்.

ஊர் இலத்தூர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பக்கம். சனீஸ்வரன் கோவில்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். பெரிய குளம், வயல், மேற்கே பார்த்தா மலை. அங்க அம்மாவும் அண்ணனும் இருக்காங்க. நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு, லீவு கிடைச்சா பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிக்கற ஜாதி.

அண்ணனுக்கு வயசு 33. பிறந்ததுலருந்தே மூளை முடக்குவாதம். கை கால் இறுகிப் போயிருக்கும், பேச்சு மெதுவா இழுத்து இழுத்துதான் வரும். புதுசா பார்க்கறவங்க அவன் முன்னாடியே "தம்பிக்கு சாப்பாடு என்ன குடுப்பீங்க?"ன்னு அம்மாகிட்ட கேப்பாங்க. ஆனா மூளைக்கு ஒண்ணும் இல்ல. அப்பா மளிகைக் கடை வெச்சிருந்த காலத்துல, யாரு எவ்வளவு கடன்னு நோட்டைப் புரட்டாம சொல்றது அவன்தான். அப்பா எழுத மறந்த கணக்கு அவன் தலையில இருக்கும்.

அப்பா போனதுக்கு அப்புறம் வரவு செலவு என் கைக்கு வந்துச்சு. போன பொங்கலுக்குப் போனப்போ அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டு நிமிர முடியல. 60 வயசுல, 50 கிலோ அண்ணனை தினமும் தூக்கி குளிப்பாட்டற இடுப்பு. அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்பைத் திறந்துட்டேன். எஞ்சினியர் இல்லையா, பிரச்சினைன்னா உடனே எக்ஸெல் :-)

அரசாங்கத்தோட பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000. உடம்பு பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கறது; நேரா அவன் பேங்க் கணக்குக்கு வந்துடும். நான் அனுப்பறது 14,000. ஆக மொத்தம் 16,000. காலையில மூணு மணி நேரம் வந்து உதவி பண்ற பக்கத்துத் தெரு அக்காவுக்கு 7000. வாரம் ரெண்டு நாள் பிசியோதெரபி 2400. ராத்திரிக்கு டயாப்பர் 1500. மாத்திரை 900. ஆட்டோ 1200. ரீசார்ஜ் 300. ஆபத்துக்கு ஒதுக்கினது 1500. மிச்சம் 1200 'இதர செலவு'. தாண்டினா கட்டம் சிவப்பா மாறும். ஆபீஸ்ல இதைக் காட்டியிருந்தா அப்ரைசல்ல நல்ல பேரு வாங்கியிருப்பேன்.

ஆனி மாசம் அண்ணன் போன் பண்ணான். "ஏல, சீசன் ஆரம்பிச்சுட்டு. குத்தாலம் போவணும்ல. ஆட்டோவுக்கு 600 கேக்கான்."

நான் ஷீட்டைப் பார்த்தேன். அந்த மாசம் இதர செலவு ஏற்கனவே சிவப்பு.

"இந்த மாசம் பட்ஜெட்ல இல்லண்ணே. அடுத்த மாசம் பாப்போம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரில"ன்னு வெச்சுட்டான்.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் நான் டீமோட மகாபலிபுரம் போயி 2500 ரூபாய் மொய் எழுதிட்டு வந்திருந்தேன். அதுக்கு என்கிட்ட ஷீட் இல்ல.

இப்ப கொஞ்சம் ஆணி கதை. அந்த சமயத்துல நான் வேலை பார்த்தது ஒரு பிரிட்டிஷ் க்ளையண்ட்டுக்கு. ஊனமுற்றவங்களுக்கு உள்ளாட்சி கொடுக்கற பணத்துக்குக் கணக்கு வைக்கற மென்பொருள். அந்த ஊர்ல இதுக்கு 'தனிநபர் பட்ஜெட்'னு பேரு. ஒருத்தருக்கு என்ன உதவி தேவைன்னு மதிப்பிட்டு, அதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு தொகை போட்டு, அவர் விரும்பினா அதை அவர் கையிலயே கொடுத்துடுவாங்க. உதவியாளரை அவரே வேலைக்கு வெச்சுக்கலாம், பிடிக்கலன்னா மாத்தலாம். திட்டத்துல ஒத்துக்கிட்ட தேவைக்குத்தான் செலவு பண்ணணும், கணக்கு காட்டணும். ஆனா எப்படிங்கறதுல அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இது யாரோ அதிகாரி யோசிச்சு வந்தது இல்லைங்க. ஹாம்ப்ஷயர்ல லெ கோர்ட்னு ஒரு விடுதி. அங்க இருந்த ஊனமுற்றவங்க சிலர் 1979 வாக்குல, "எங்களுக்குன்னு விடுதிக்குக் கட்டற காசை எங்ககிட்ட கொடுங்க, வெளிய வீடெடுத்து ஆள் வெச்சு வாழ்ந்துக்கறோம்"னு கேட்க ஆரம்பிச்சாங்க. 'பிராஜெக்ட் 81'னு பேரு வெச்சாங்க. கவுன்சில் பணத்தை நேரா அவங்க கையில கொடுக்க அப்ப சட்டம் இடம் தரல. சுத்தி வளைச்சுத்தான் வந்துச்சு. நேரா கொடுக்க 1996ல தனிச் சட்டம் வந்து, 1997ல நடைமுறைக்கு வந்துச்சு. 2014ல வந்த பராமரிப்புச் சட்டம் தனிநபர் பட்ஜெட்டை எல்லாருக்கும் உரியதா ஆக்குச்சு. அங்கயும் பணம் பத்தலன்னு புலம்பல் உண்டு. ஆனா "இது யாரோட பட்ஜெட்?"ங்கற கேள்விக்கு அங்க ஒரு பதில் இருக்கு.

நான் டெஸ்ட் பண்ண அந்த மென்பொருள்ல ஒரு கட்டம் வரும். 'இந்தத் திட்டத்தை சம்பந்தப்பட்டவர் ஒத்துக்கொண்டாரா?' அதை டிக் பண்ணாம அடுத்த பக்கம் போக முடியாது. நூறு தடவையாவது கண்ணை மூடிக்கிட்டு டிக் பண்ணியிருப்பேன். என் ஷீட்ல அந்தக் கட்டமே கிடையாது.

சரி, நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 13. தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கற உரிமை எல்லாரையும் போல அவங்களுக்கும் உண்டு. அதுக்குக் கீழயே இன்னொண்ணு: உதவி பண்றவருக்கும் அவருக்கும் ஒரு பண விஷயத்துல நலன் முரண்பட்டா, உதவி பண்றவர் அந்த விஷயத்துலருந்து ஒதுங்கிக்கணும். ரத்த சொந்தங்கறதாலயே முரண் இருக்குன்னு எடுத்துக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு. என்னை மாதிரி தம்பிகளுக்கு விட்ட சலுகை.

எனக்குத்தான் அந்த சலுகை பொருந்தல. எப்படின்னு கேளுங்க. 1961 வருமான வரிச் சட்டத்துல 80டிடின்னு ஒரு பிரிவு. நம்மளை நம்பி இருக்கற கூடப்பிறந்தவங்களுக்கு ஊனம் 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா, பழைய வரிமுறையில 1,25,000 ரூபாய் கழிவு. 20 சதவீத வரிக்காரனுக்கு செஸ்ஸோட சேர்த்து 26,000 மிச்சம். 2023-24 கணக்குல அதை நான் வாங்கினேன். அண்ணனோட சான்றிதழைக் காட்டி வாங்கின காசு. ஷீட்ல அது எந்தக் கட்டத்துலயும் இல்ல. எனக்குப் புது போன் வந்துச்சு.

ஆடியில ஊருக்குப் போனேன். லேப்டாப்பை அண்ணன் முன்னாடி வெச்சு எல்லாத்தையும் காட்டினேன். 26,000 விஷயத்தையும் சொல்லிட்டேன். வசவு விழும்னு பார்த்தா, சிரிச்சான். "அப்பா கடையில இருந்தா ஒன்னய கல்லாவுல உக்கார வுட்டிருக்க மாட்டாவ."

அப்புறம் ஒரு மணி நேரம் அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இந்தத் தடவை உண்மையிலேயே பொட்டிதான் தட்டினேன்.

அந்த 26,000ல முதல்ல குளிக்கறதுக்கு சக்கரம் வெச்ச நாற்காலி, 8000. "அம்மைக்கி இடுப்பு எங்கன போச்சு? கட்டில்லருந்து குளியலறைக்குத் தூக்கித்தான் போச்சு. நீ அதை வுட்டுட்டு தைலத்துக்கு கணக்கு எழுதிட்டு இருக்க." எனக்கு ஆறு மாசமா தெரியாத விஷயம், பத்து செகண்ட்ல.

மிச்சத்துல ஞாயித்துக்கிழமையும் அந்த அக்கா வரணும். அன்னிக்கு அம்மாவுக்கு லீவு. உதவித்தொகை 2000 வந்ததும் அப்படியே அம்மா கைக்கு. அதுல துண்டு விழறதுக்கு ஆபத்து நிதியைத் தொடக்கூடாது, "நீதான் கூடப் போடணும்"னு சொல்லிட்டான். நியாயம்தானே. ஷீட்ல அம்மாவுக்கு வரியே இல்லாம இருந்ததை அப்பத்தான் பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை பார்க்கற ஆள், கணக்குல பூஜ்யம்.

அம்மா, "நான் பெத்த பிள்ளைக்கு செய்யதுக்கு சம்பளமாய்யா?"ன்னு கண்ணைக் கசக்கினாங்க. "சம்பளம் இல்லம்மா, பங்கு"ன்னான் அண்ணன். வாங்கி சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சாங்க. மறுநாள் அதுல சேலை பார்த்துட்டு வந்தது தனிக் கதை.

மறுநாள் சாயங்காலம் குத்தாலம். கூட்டத்துல அருவிக்கிட்ட போக வழியில்ல. தள்ளி ஒரு ஓரமா நாற்காலியை நிறுத்தினோம். சாரல் மட்டும் முகத்துல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறந்து அதை வாங்கினான். திரும்பி வர்ற வழியில பிரானூர் பார்டர்ல புரோட்டா, நாட்டுக்கோழி. பிச்சு ஊட்டினது நான்.

ஆட்டோவுல வர்றப்போ, 'இதர செலவு'ல 600 போட்டுடவான்னு கேட்டேன்.

"இதரம் என்னல இதரம்? 'குத்தாலம்'னு தனி வரி போடு. வருசத்துக்கு மூணு."

போட்டுட்டேன். இப்ப ஷீட் அவன் போன்ல இருக்கு. விரல் மடங்கி இருக்கறதால முட்டியால தட்டித் திறப்பான். நான் ஒரு எழுத்து மாத்தினாலும் அவனுக்குத் தெரிஞ்சுடும்.

டிஸ்கி: வீட்டுல இதே நிலைமை இருக்கறவங்களுக்கு: முதல்ல யூடிஐடி அட்டை எடுத்துடுங்க, எல்லாத்துக்கும் அதைத்தான் கேக்கறாங்க. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு இருந்தா, தேசிய அறக்கட்டளையோட 'நிராமயா' காப்பீடு 1 லட்சம் வரைக்கும் உண்டு. வரிக்கழிவு வாங்கினா, அந்தக் காசு யாரோடதுன்னு ஒரு தடவை யோசிங்க. நான் ரொம்ப லேட்டா யோசிச்சேன்.