பேசிய கூலியும் கேட்ட கூலியும்

வேத பகுதி: ஆதியாகமம் 23:1–20



சாராள் மரித்தபோது, அவளை அடக்கம்பண்ணுவதற்குக்கூட ஆபிரகாமுக்குக் கானானில் சொந்த நிலம் இல்லை. மக்பேலா குகையை வாங்க விரும்பிய அவர், தமக்காக எப்பெரோனிடத்தில் பேசும்படி ஏத்தின் புத்திரரைக் கேட்டுக்கொண்டார். நிலம் வாங்கும் காரியத்தில் இடையே நின்று பேசுகிறவரின் உதவி அன்றைக்கே தேவைப்பட்டது. ஆகவே தரகு இழிவான தொழிலன்று; அதற்குரிய கூலியும் நியாயமானதே.

அண்மையில் நம் சபைச் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை முதலீடாக வைத்து, 30 இலட்ச ரூபாய்க்கு மனை ஒன்றை வாங்கவிருந்தார். தரகருக்கு 1 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் என்று பேச்சு. பத்திரப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், தரகர் மேலும் 25,000 ரூபாய் கேட்டாராம். "கொடுத்துவிடுவதா, மறுத்துவிடுவதா, ஐயா?" என்றார்.

"முதலில், எதற்கு என்று கேளுங்கள்" என்றேன். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இவை அரசுக்குச் சேர்பவை, இரசீது உண்டு. நிலத்தை அளந்து காட்டுவது, பட்டா மாறுதலுக்கு அலைவது போன்றவை முன்பேச்சில் சேராத உழைப்பானால், அதற்குத் தனிக்கூலி கேட்பதில் தவறில்லை. "அங்கே இங்கே கொடுக்க வேண்டும்" என்பது மட்டுமே பதிலானால், அது பரிதானம். அதற்கு நாம் உடன்படலாகாது.

சகோதரர் கேட்டார். 10,000 ரூபாய்க்குக் கணக்கு இருந்தது; மீதிக்குப் பெயரில்லை. கணக்குள்ளதைக் கொடுத்தார், மற்றதை மறுத்தார். தரகர் முகம் வாடினார். பதிவும் பத்து நாள் தள்ளிப்போயிற்று. உண்மைக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பத்திரம் கைக்கு வந்தபின், "அடுத்த மனையும் உம் மூலமாகவே வாங்குவேன்" என்று ஆசைகாட்டி, பேசிய கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்கிற முதலீட்டாளர்களும் நம் நடுவில் இருக்கலாம். லாபான் தன் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினதாக யாக்கோபு முறையிடுகிறார். மூன்று மாதம் ஒரு கிரையமும் முடியாமல் இருந்த தரகரின் வீட்டிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை மறவாதிருப்போம்.

பேரம் பேசுவது பாவமன்று. ஆனால் அதற்கு ஒரு காலம் உண்டு. வேலை தொடங்குமுன் பேசுங்கள். எத்தனை சதவீதம், எந்தெந்த வேலைகள் அதில் அடங்கும், கிரையம் முடியாமற்போனால் என்ன செய்வது என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவான மனைத் திட்டமானால், முகவரும் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். எழுதியபின் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

எப்பெரோன் கேட்ட 400 சேக்கல் வெள்ளியை, ஊரார் கேட்கும்படி சொல்லியபடியே ஆபிரகாம் நிறுத்துக் கொடுத்தார். நிலமும் குகையும் அங்கிருந்த மரங்களும்கூட அந்த உடன்படிக்கையில் குறிக்கப்பட்டன. மறைவாய்ப் பேசப்பட்டது ஒன்றுமில்லை. ஆகையால் அந்த நிலத்தில் அவர் சமாதானத்தோடே தம் மனைவியை அடக்கம்பண்ணினார்.

ஜெபம்: ஆண்டவரே, கொடுக்கும் கையிலும் வாங்கும் கையிலும் உண்மையைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.