தறியில் ஓடும் கால்

ஒருவருடைய குணத்தை அவர் நடையிலே கண்டுவிடலாம் என்பது நம்மவர் நம்பிக்கை. நிமிர்ந்து நடந்தால் கர்வி. மெதுவாக நடந்தால் சோம்பேறி. மூளையிலே ஒரு சிறு பாகம் பழுதுபட்டாலும் நடை மாறும் என்பதை மட்டும் நாம் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

தெள்ளாறு என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியனை வென்ற போர்க்களம் நினைவுக்கு வரும். நமக்கோ அவ்வூரிலே ஒரு நெசவுக்காரப் பெரியவர்தாம் நினைவுக்கு வருகிறார். ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பம். அவருக்குக் கை நடுக்கம் அதிகமில்லை. ஆனால் முகத்திலே சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை. அடி எடுத்து வைத்தால் சாண் அளவுதான். வாசற்படி அருகே வந்ததும் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடும். "வாங்க மாமா, எவ்வளவு நேரம்!" என்பாள் மருமகள். இத்தனைக்கும், அவரைப் பிடித்துத் தறிக்குழியிலே இறக்கிவிட்டால் மிதிபலகைமேல் கால்கள் மாறி மாறி ஓடும்! அதுவே அவருக்கு விரோதமான சாட்சியமாயிற்று. "தறி மிதிக்கக் கால் வருகிறது, கடைக்குப் போகத்தான் வரவில்லையாம்" என்று வீட்டார் முணுமுணுத்தனர். பெரியவர் பதில் சொல்லவில்லை. குரலும் தேய்ந்துபோயிருந்தது.

இதிலே கபடம் எதுவும் இல்லை. நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் வியாதியின் சுபாவமே இதுதான். 1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வரும் நோயாளிகள் ஆறே பேர். அவர்களிலும் சிலர் வீதியிலே அவர் கண்ணில் பட்டவர்கள். உடல் முன்னே சாய்வதையும், நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுவதையும் அவர் அப்போதே குறித்திருக்கிறார்.

மூளையின் அடிப்பகுதியிலே கருநிறமான ஒரு சிறு இடம் உண்டு. அங்குள்ள அணுக்கள் டோபமின் என்னும் ரசாயனத்தை உண்டாக்குகின்றன. அவை நாளடைவில் அழிந்துவருகையில், யோசியாமலே நடந்துவந்த காரியங்கள் கெடுகின்றன. 'இனி வலது கால், இனி இடது கால்' என்று எண்ணிக்கொண்டா நாம் கோயிலுக்குப் போகிறோம்? அந்த நோயாளியோ ஏறக்குறைய அப்படித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் கிடைத்தால் மட்டும் கால் சற்று இளகுகிறது.

2010-இல் ஹாலந்து தேசத்து வைத்தியர்கள் ஸ்னைடர்ஸ், ப்ளூம் இருவரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 58 வயது. சில அடி நடப்பதற்குள் தடுமாறி விழுகிறவர், சைக்கிளில் ஏறியதும் சுகமாக ஓட்டிச் சென்றார். இறங்கினால் பழையபடி கால் ஒட்டிக்கொண்டது. சுழலும் மிதிகட்டைகளே ஒரு காலுக்குப்பின் மறு காலைத் தூண்டுகின்றன போலும் என்பது அவர்கள் ஊகம். தெள்ளார்ப் பெரியவரின் தறியும் அந்தச் சைக்கிளுக்கு உறவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

தரையிலே குறுக்குக் கோடுகள் போட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்க முடிகிறது. தாளம் போட்டாலும் பலருக்கு அடி நீளுகிறது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. இதைக் கேட்ட பேத்தி, அரிசி மாவினால் ரேழியில் ஏணிப்படி போல ஐந்தாறு கோடுகள் இழுத்தாள். கோலத்தை மிதிக்கலாகாது என்ற பயமோ என்னவோ, தாத்தா ஒவ்வொன்றாகத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டார்! மருமகள் வாய் திறக்கவில்லை.

மருந்தின் கதையிலே நம் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையினின்று எல்-டோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டனர். அப்பொருளுக்கும் நடுக்குவாதத்துக்கும் உள்ள சம்பந்தம் அக்காலத்து ஆராய்ச்சியாளருக்குத் தெரியாது. ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன், மருந்தினால் அசைவற்றுக் கிடந்த முயல்களை அதே பொருளால் எழுப்பிக் காட்டியது 1957-இல். 1967-இல் அமெரிக்காவிலே கோட்ஸியாஸ் அதை நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பலன் கண்டார். அதுவே இன்றும் முதன்மையான மருந்து.

அதற்காகப் பூனைக்காலியை அரைத்துத் தாமாகவே உண்ணத் தொடங்க வேண்டாம். விதைக்கு விதை சத்து வேறுபடும். அளவு மிஞ்சினால் வாந்தியும், மனக்குழப்பமும், அடங்காத அசைவுகளும் வரும். நரம்பு வைத்தியரிடம் போவதே சரி. பெரியவரையும் அழைத்துப் போனார்கள். மாத்திரை கொடுத்த நேரத்தையும் கால் ஒட்டிக்கொண்ட நேரத்தையும் மருமகளே இப்பொழுது நாட்காட்டியில் குறித்து வைக்கிறாள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தானாம்.