ஒரே டியூஷன் வாத்தியார்

வங்கியில் 38 ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றேன். தெருப் பிள்ளைகளை இன்டர்வியூவுக்குத் தயார் செய்வதைப் பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தேன். சட்டையை உள்ளே விடு, கதவைத் தட்டிவிட்டு நுழை, உட்காரச் சொன்ன பிறகு உட்கார், சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி வை. இதெல்லாம் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். (இப்போதெல்லாம் சான்றிதழ் நகலில் அவர்களே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறோம்!)

கஷ்டமெல்லாம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வியில்தான். ஆங்கிலத்தில் கேட்டால் பி.காம் முடித்த பிள்ளைகூடப் பேரைச் சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்க்கும். அதனால் நானே ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், எதையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம்... கடகடவென்று ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமை வேறு.

ஒரு தனியார் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் போனார்கள். மூன்றாவதாக உள்ளே போனவன் முனை டீக்கடைக்காரர் மகன். இரண்டு வரி சொல்வதற்குள் எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டாராம். "மூணு பேருக்கும் ஒரே டியூஷன் வாத்தியாரா?" அதற்குப் பிறகு இவன் வாயே திறக்கவில்லை. மூவரில் வேலை மிக அவசரமாகத் தேவைப்பட்டது அவனுக்குத்தான்; கல்விக் கடன், தங்கை படிப்பு. என்னிடம் அவன் சொல்லவில்லை. இன்னொரு பையனின் அம்மா ரேஷன் கடை வரிசையில் என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். அவனேதான் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். "என்மேலதான் தப்பு தம்பி" என்றேன். "பரவாயில்ல சார். சர்க்கரை கம்மிதானே?" என்றான்.

என்ன பேசுவதென்று தெரியாமல், ஒரு லிட்டர் பாலில் எத்தனை டீ போடலாம் என்று கேட்டேன். "15 வரும் சார், டம்ளர் பெரிசுன்னா 12" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. சிலிண்டர் எத்தனை நாள் வரும், வடை தங்கிப்போனால் எவ்வளவு நஷ்டம், ஜிபே வந்த பிறகு நோட்டில் எழுதும் கடன் எப்படிக் குறைந்தது, ஆனால் பணம் முழுக்க வங்கிக் கணக்குக்குப் போய்விடுவதால் விடியற்காலையில் பால்காரருக்குக் கொடுக்க ரொக்கம் இல்லாமல் அப்பா படும் பாடு... கால் மணி நேரம். நான் எழுதிக் கொடுத்த தாளில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று போட்டிருந்தேன்.

இதையே சொல் என்றேன். "டீக்கடைன்னு சொன்னா மதிப்பாங்களா சார்?"

அப்போதுதான் மனைவியிடம்கூடச் சொல்லாததை அவனிடம் சொன்னேன். 1981-ல் வங்கி எழுத்தர் வேலை இன்டர்வியூவில் அப்பா தொழில் கேட்டார்கள். விவசாயம் என்றேன். எத்தனை ஏக்கர் என்றார்கள். இரண்டு என்றேன். அப்பா கூலிக்குப் போனவர், ஒரு குழி நிலம் கிடையாது. வேலை கிடைத்த தந்தியை அவரிடம் படித்துக் காட்டியபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவன் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை வாங்கிக் கழுவினான்.

பிறகு வங்கி அதிகாரி எழுத்துத் தேர்வில் தேறினான். அதில் எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்பது கணக்கு. டீக்கடையைச் சொன்னானாம், பத்து நிமிடம் அதைப் பற்றியே கேட்டார்களாம். ஆனாலும் மொத்தத்தில் பின்தங்கி, பட்டியலில் பெயர் வரவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் சேர்ந்தான். சிறு கடைக்காரர்களின் வருமானத்தை மதிப்பிடும் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் திண்ணைக்கு வருகிறான். கேள்வி கேட்பது இப்போது அவன்தான். ஜெராக்ஸ் தாள்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.