மலர்த் தீவு மார்த்தினிக்

மேற்கிந்தியத் தீவுகள் என்றவுடன் நம் இல்லங்களில் உள்ள இளைஞர்க்குக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயர்களே நினைவுக்கு வரும். ஆனால் அத்தீவு வரிசையின் நடுவே, ஆங்கிலேயர் ஆண்ட டொமினிக்காவுக்கும் சென்ட் லூசியாவுக்கும் இடையில், அந்த ஆட்டத்தில் அவ்வளவு நாட்டமில்லாத பிரெஞ்சுத் தீவு ஒன்று உண்டு. மார்த்தினிக் என்பது அதன் பெயர். பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தினும் சிறியது. மக்கள்தொகை சுமார் மூன்றரை லட்சம். 1635-இல் பிரெஞ்சுக்காரர் குடியேறிய இத்தீவு, 1946 முதல் பிரான்சு நாட்டின் பிரிக்கப்படாத ஒரு பகுதியாகவே விளங்கி வருகிறது. கடைத்தெருவில் யூரோ புழங்குகிறது. பள்ளியில் பிரெஞ்சு ஒலிக்கிறது; சந்தையிலும் அடுக்களையிலும் கிரெயோல் மொழி துள்ளி விளையாடுகிறது.

மலர்த் தீவு என்று இதனை விளம்பர ஏடுகள் போற்றுகின்றன. போற்றுதலுக்கு உரியதே. எனினும் பெருங் கப்பல்களில் காலையில் வந்திறங்கி, வெண்மணலில் அரைநாள் படுத்திருந்து, மாலையில் கப்பலேறிவிடும் பயணிகள் தீவின் விளிம்பை மட்டுமே கண்டு திரும்புகின்றனர். இங்கே அழகும் கல்லறையும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாது வருவது தீவைக் கண்டதாகாது என்பது நம் கருத்து. ஆகவே கடற்கரையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வடக்கே செல்வோம்.

புறப்படுமிடம் தலைநகரான ஃபோர் தெ பிரான்ஸ். அங்கே ஷெல்ஷேர் நூலகம் என்னும் விந்தையான கட்டடத்தைக் காணாமல் அப்பால் நகரக்கூடாது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் கொண்டு பாரிசில் செய்யப்பட்டு, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் கொணர்ந்து இங்கே மீண்டும் பூட்டப்பட்ட மாளிகை அது. அடிமை ஒழிப்புக்காக வாதாடிய விக்தோர் ஷெல்ஷேர் தம் நூல்களைத் தீவுக்கு வழங்கினார். அவற்றை வைப்பதற்கே எழுந்தது இக்கட்டடம். இதனை வரைந்த பியேர் ஆன்றி பிக் என்பவரே புனித லூயி பேராலயத்தையும் இரும்பினால் எழுப்பினார். தீயும் புயலும் நிலநடுக்கமும் முந்தைய ஆலயங்களை மாற்றி மாற்றி அழித்ததனால், 1895-இல் எழுந்த இவ்வாலயத்துக்கு இரும்பையே எலும்பாக்கினர்.

நூலகத்துக்கு எதிரே விரிந்து கிடக்கும் சவான் திடலில் முன்னாளில் ஒரு சலவைக்கல் சிலை நின்றது. இத்தீவில் 1763-இல் பிறந்து நெப்போலியனின் மனைவியாகிப் பேரரசியாகவும் முடிசூடிய ஜோசபினின் சிலை அது. 1802-இல் நெப்போலியன் அடிமை முறையைச் சட்டத்தால் நிலைநிறுத்தினான் அன்றோ? அதில் அவன் மனைவிக்கும் பங்குண்டு என்று தீவு மக்களில் பலர் நம்பினர். 1991-இல் யாரோ சிலையின் தலையைக் கொய்தனர். தலையில்லாச் சிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்படியே நின்றது. 2020-இல் அதையும் கூட்டத்தினர் வீழ்த்தினர். அதே ஆண்டில் ஷெல்ஷேரின் சிலைகளும் வீழ்த்தப்பட்டன. விடுதலை வெள்ளையர் ஒருவர் தந்த கொடையன்று, எங்கள் முன்னோர் போராடிப் பெற்றது என்பது இளைஞரின் வாதம். வரலாறும் அவர்கள் பக்கம் ஓரளவு சாய்கிறது. 1848 ஏப்ரல் 27-இல் பாரிசில் கையெழுத்தான விடுதலை ஆணை கடல் கடந்து வருமுன்னரே, மே 22-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க நேர்ந்தது. மே 22 இன்றும் தீவில் பொது விடுமுறை நாளாகும்.

தலைநகரிலிருந்து வடக்கே ஏறும் மலைச்சாலைக்குத் திராஸ் சாலை என்று பெயர். இயேசு சபையினர் 18-ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டி அமைத்த தடம் என்று சொல்கின்றனர். சில கல் தொலைவு சென்றதும் பலாத்தா என்னுமிடத்தில், பாரிசு மோன்மார்த்தர் குன்றிலுள்ள திரு இருதய ஆலயம் சிறு உருவெடுத்து வாழை மரங்களிடையே வந்து நிற்பதைக் காணலாம். அருகே பலாத்தா தோட்டம்: பனையும் செம்பருத்தியும் வாழையினப் பூக்களும் தேன்சிட்டளவே உள்ள ரீங்காரச் சிட்டுகளும் நிறைந்த இடம். அதற்கு மேலே மழைக்காடு தொடங்குகிறது. மரம்போல் உயர்ந்த பெரணிச் செடிகள் இருமருங்கும் குடை பிடிக்கின்றன. பகற்பொழுதிலும் விளக்கேற்றி வண்டி ஓட்டுமளவுக்கு அவ்வப்போது மூடுபனி இறங்குகிறது. நம் கொடைக்கானல் சாலையில் சென்றவர்க்கு இக்குளிர் பழகியதே.

சாலையின் மறுமுனையில் எழுந்து நிற்பது பெலே மலை. 1,397 மீட்டர் உயரமுள்ள எரிமலை. இம்மலையும் வடபகுதிச் சிகரங்களும் 2023-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் அடிவாரத்தில், கடலோரத்தில் கிடக்கிறது சென் பியேர். அங்கே நாம் ஒரு பகல் என்று எண்ணிச் சென்று மூன்று நாள் தங்கினோம்.

சென் பியேர் ஒருகாலத்தில் அத்தீவுகளின் பாரிசு என்று புகழ்பெற்ற துறைமுகம். சர்க்கரையும் ரம் மதுவும் அங்கிருந்தே கப்பலேறின. ஆயரின் பேராலயமும், எண்ணூறு பேர் அமரும் நாடக அரங்கும், தாவரவியற் பூங்காவும் அங்கே இருந்தன. 1902 ஏப்ரல் இறுதியில் மலை புகையத் தொடங்கிற்று. கந்தக நெடியால் குதிரைகள் தெருவில் சரிந்து வீழ்ந்தன. கூரைகளில் சாம்பல் படிந்தது. மே 5-இல் மலையிலிருந்து பாய்ந்த கொதிசேறு, நகருக்கு வடக்கேயிருந்த கெரன் சர்க்கரை ஆலையை ஆட்களோடு விழுங்கியது. இத்தனைக்குப் பிறகும் மக்கள் நகரைவிட்டு வெளியேறாதது ஏன்?

நகரில் நாம் உரையாடியோர் இதற்கு வெவ்வேறு விடை சொன்னார்கள். மே 11-இல் சட்டமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று நடைபெற இருந்தது; அதற்காகவே மக்களை நிறுத்தி வைத்தனர் என்பர் சிலர். ஆளுநர் லூயி மூத்தே அமைத்த குழு, பள்ளத்தாக்குகள் கடலை நோக்கித் திறந்திருப்பதனால் நகருக்கு அபாயமில்லை என்று மே 7-இல் அறிவித்தது. அதே நாளில் தெற்கேயுள்ள சென்ட் வின்சென்ட் தீவில் எரிமலை வெடித்ததாகச் செய்தி வரவே, நம் மலையின் வேகம் அங்கே தணிந்திருக்கும் என்று சிலர் ஆறுதல் கொண்டனர். ஆளுநரை வெறும் சூழ்ச்சிக்காரராகக் காட்டும் கதைகளை நாம் ஏற்பதற்கில்லை. அவர் மக்களை அங்கே நிறுத்திவிட்டுத் தாம் தப்பிச் செல்லவில்லை. மனைவியோடு சென் பியேருக்கு வந்து தங்கினார், இருவரும் மக்களோடு மாண்டனர். எரிமலையிலிருந்து பாறைக்குழம்பு மெல்ல வழிந்து வரும், ஓடித் தப்பலாம் என்பதே அன்றைய அறிவு. தீமேகம் ஒன்று நிலத்தின்மீது புயலென உருண்டு வரக்கூடும் என்பதை அறிந்தோர் அப்போது அரியர். நேப்பிள்சு நகரத்துக் கப்பல் தலைவர் ஒருவர் மட்டும், பாதிச் சரக்கோடு, சுங்க அதிகாரிகள் மிரட்டியும் கேளாது நங்கூரம் எடுத்துவிட்டார் என்று கூறப்படுகிறது. அவர் வெசூவியசின் நிழலில் வளர்ந்தவர்.

மே 8 ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. ஆலய மணிகள் ஒலித்த காலை. எட்டு மணியளவில் மலையின் பக்கம் பிளந்தது. பல நூறு பாகை வெப்பமுள்ள வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் சரிவில் இறங்கி, ஓரிரு நிமிடத்தில் நகரைக் கடந்து கடலையும் எட்டியது. துறையில் நின்ற கப்பல்கள் எரிந்தன. மாண்டோர் சுமார் 28,000 பேர். நகரில் உயிர்பிழைத்தோர் மிகச் சிலரே. நகரின் ஓரத்தில் இருந்த செருப்புத் தைப்பவர் லெயோன் கொம்பேர் ஒருவர். தடித்த சுவர்களையுடைய சிறையறையில் அடைக்கப்பட்டிருந்த சிப்பாரிசு என்னும் கைதி மற்றொருவர். சில நாள் கழித்து, தீப்புண்களோடு அவரை வெளியே எடுத்தனர். பின்னர் அவர் அமெரிக்க சர்க்கசில் வேடிக்கைப் பொருளாக ஊர் ஊராகச் சுற்ற நேர்ந்தது.

அச்சிறையறை இன்றும் இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். அதற்கு நேர் மேலே நாடக அரங்கின் இடிபாடு. இரட்டைப் படிக்கட்டு மட்டும் வானத்தை நோக்கி ஏறி நின்றுவிடுகிறது. அரங்கையும் சிறையையும் பிரிப்பது ஒரு சுவரே. செல்வர் அமர்ந்த மேடை பொடியாயிற்று. கைதி கிடந்த குழி காத்தது. இதற்குமேல் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கீழே, கோட்டை ஆலயத்தின் கற்கள் சரிந்த இடத்தில் சரிந்தபடியே கிடக்கின்றன. அமெரிக்க எரிமலை ஆய்வாளர் பிராங்க் பெரெ 1933-இல் நிறுவிய அருங்காட்சியகம், 2019 முதல் புது உருவில் நினைவகமாகத் திகழ்கிறது. உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிப் பாத்திரங்களை அங்கே கண்டோம். வாய் நசுங்கிய பெரிய ஆலயமணி ஒன்றின்முன் நெடுநேரம் நின்றோம்.

இன்று சென் பியேரில் நாலாயிரம் பேர் வரை வாழ்கின்றனர். பழைய சுவர்களை முதுகாக வைத்தே புது வீடுகள் எழுப்பியுள்ளனர். சந்தையில் மீன் விற்கும் பெண்மணியிடம், அந்த மலையைப் பார்க்க அச்சமில்லையா என்று வினவினோம். மலை எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் மீனைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கூறிச் சிரித்தார். கடைசியாக 1929 முதல் 1932 வரை மலை சீறியது; இப்போது ஆய்வு நிலையம் ஒன்று இரவும் பகலும் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்து வருகிறது.

மலையின் மறுபுறத்தில் மோர்ன் ரூஜ் என்னும் சிற்றூர். பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த முதல் ஆயர் லெ எர்ப்பேர் கொணர்ந்த தெலிவ்ராந்து மாதா பக்தி இங்கே வேரூன்றியது. அவ்வன்னையே தீவின் பாதுகாவலி. மே மாத அழிவுக்குத் தப்பிய இவ்வூரை 1902 ஆகஸ்டு 30-இல் மலை தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாதக்கணக்கில் எச்சரிக்கை இருந்தும் ஊரைவிட்டு அகலாத பங்குத் தந்தையும் தீப்புண்களால் உயிர்நீத்தார். இன்றும் ஆகஸ்டு இறுதியில் திருப்பயணிகள் திரள்கின்றனர்.

அங்கிருந்து கிழக்கே இறங்கினால் அட்லாந்திக் கடலோரத்தில் பாஸ் புவாந்த். அதன் கரும்பு வயல்கள் தமிழர் காலடி பட்டவை. அடிமைகள் விடுதலையான பிறகு ஆலை முதலாளிகள் ஆளில்லாது தவித்தனர். 1853 மே மாதம் ஒரேலி என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரை இத்தீவில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் வந்தனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களுள் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியோர் ஒரு பகுதியினர். நோயிலும் உழைப்பிலும் மடிந்தோர் பலர். எஞ்சியோரின் பிள்ளைகள் மொழியை இழந்தனர். எனினும் பிரெஞ்சு எழுத்தில் வீராசாமி என்று பெயர்ப்பலகை கண்டால் நம் கால் தானே நின்றுவிடுகிறது. இங்குள்ள சிறு கோயில்களில் மாரியம்மனும் மதுரை வீரனும் உருமாறிய பெயர்களோடு வணங்கப்படுகின்றனர். பொருள் விளங்காமலே தமிழ்ப் பாடல்களைச் செவிவழி காத்து வருகின்றனர். தீவின் தலையாய உணவுக்குக் கொலம்போ என்று பெயர். நம் குழம்பே அது என்பர் பலர். மல்லியும் சீரகமும் மஞ்சளும் மணக்க அதை உண்டபோது நமக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. பெண்டிர் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு மதராசு என்றே பெயர். கவிஞர் எமே செசேர் 1913-இல் பிறந்ததும் இவ்வூரில்தான்.

கடலோரமாகத் தெற்கே வரும்போது சென்ட் மரி ஊரில் ஃபோன் சென் ஜாக் என்னும் பழைய தொமினிக்கத் துறவியர் பண்ணை உண்டு. 1694-இல் வந்த லபா அடிகளார் இங்கே சர்க்கரை ஆலையைச் சீர்திருத்தி, மது வடிப்பதிலும் புதுமை செய்து பெயர் பெற்றார். அவருடைய பயண நூல் சுவையானது; கூர்மையான கண் படைத்தவர். ஆனால் அவ்வாலையை இயக்கியது அடிமைகளின் கைகள். துறவியர் வாழ்ந்த மனையில் அடிமைகளும் உடைமையாக இருந்தனர் என்பதைப் படிக்கையில் குருவான நமக்கு முகம் சிவக்கிறது. வழிகாட்டிகள் இதனை மறைப்பதில்லை, அது நன்று.

இனி நீங்கள் காத்திருந்த கடற்கரை. தென்கோடியில் சென்ட் ஆன் ஊரருகே லே சலீன் என்னும் வெண்மணற் பரப்பு, தென்னை வரிசையோடு, படத்தில் காண்பதினும் அழகாக இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: அங்கே சில மரங்களில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பர். அவை மான்செனில்யே என்னும் நச்சு மரங்கள். கனி சிறு ஆப்பிளை ஒக்கும்; தின்னலாகாது. மழைக்கு அதனடியில் ஒதுங்கினாலும் சொட்டும் நீர் தோலைக் கொப்புளமாக்கும்.

மேற்கே லெ தியாமான் ஊரின் எதிரே கடலிலிருந்து எழும் பாறையை 1804-இல் ஆங்கிலேயர் பிடித்து, பீரங்கி ஏற்றி, போர்க்கப்பல் என்றே பதிவு செய்து, பதினேழு மாதம் பிரெஞ்சுக்காரரை அலைக்கழித்தனர். வேடிக்கையான செய்தி, நம் மனத்தில் நின்றதோ அதற்கு எதிர்க்கரை. 1830 ஏப்ரல் 8 இரவில், சட்டம் தடை செய்த பின்னும் ஆப்பிரிக்கரைக் கடத்தி வந்த கப்பல் ஒன்று அங்கே பாறையில் மோதிச் சிதறியது. கரையொதுங்கிய மாலுமிகளின் உடல்களைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தனர். கறுப்பர்களைக் கரையருகே புதைத்தனர். உயிர்பிழைத்த எண்பதுக்கும் மேற்பட்டோர் அடிமையரா, உரிமையுள்ளோரா என்று தீர்மானிக்க இயலாமல் அதிகாரிகள் அவர்களைக் கயானாவுக்கு அனுப்பிவிட்டனர். 1998-இல், விடுதலையின் நூற்றைம்பதாம் ஆண்டில், சிற்பி லோரான் வலேர் அவ்விடத்தில் பதினைந்து பெரும் உருவங்களை நிறுவினார். ஆளுயரத்தினும் உயர்ந்த வெண்ணிற உருவங்கள். அங்கே வெண்மை துக்கத்தின் நிறம். தோள் தளர்ந்து, தலை கவிழ்ந்து, முக்கோணமாக நின்று, கினி வளைகுடா இருக்கும் திசையை நோக்குகின்றன. பேசிக்கொண்டே வந்த சுற்றுலாக் கூட்டத்தினர் அவற்றினிடையே நுழைந்ததும் பேச்சை நிறுத்தியதைக் கண்டோம்.

செல்ல விரும்புவோர்க்கு ஒரு சொல். பாரிசு வழியாகச் செல்வதே எளிது. அங்கிருந்து எட்டு மணி நேரத்துக்கும் சற்று மிகுதியான வான்பயணம். ஐரோப்பிய ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கென்று தனி விசா பெறவேண்டும். புயற்காலமான ஆகஸ்டு, செப்டம்பரைத் தவிர்ப்பது நன்று. சனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைந்த பருவம். அப்பருவத்துக்குத் தீவினர் இட்டிருக்கும் பெயர் கரேம், அதாவது தவக்காலம்.