டங் எண்டால் டுட்

விடுதி அறையில எங்கள் நாலு பேருக்கும் இந்தோனேசியப் பாட்டுப் பைத்தியம் பிடிச்சது யூரியூப்பால. மொழி ஒரு சொல்லும் விளங்காது, மேளம் மட்டும் விளங்கும். 'டங்' எண்டு ஓர் அடி, 'டுட்' எண்டு ஓர் இழுவை. அந்தச் சத்தமே இசையின் பெயராகிவிட்டது: டங்டுட். முதலில் வசதியானவர்கள் நக்கலாகச் சொன்ன பெயர் அது. மலாய் இசைக்குழு, அரபு மெட்டு, ஹிந்திப் படப்பாட்டு எல்லாம் கலந்தது. முதல்தரம் கேட்கேக்கையே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது இதாலதான்.

டங்டுட்டின் 'ராஜா' ரோமா இராமா. 1970களில் ரொக் கிற்றாரை இதுக்குள்ள கொண்டுவந்தவர். 1977 தேர்தலில் ஆளும் கொல்காருக்கு எதிரான இஸ்லாமியக் கட்சியை ஆதரித்தார். அதன்பிறகு பல வருடங்கள் அரச தொலைக்காட்சி அவரைக் காட்டவில்லை. 1989 வரைக்கும் தனியார் அலைவரிசையே இல்லாத நாட்டில் அது எவ்வளவு பெரிய தண்டனை எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

கிழக்கு ஜாவாவின் பசுருவான் பக்கத்துப் பெண் இனுல் தராதிஸ்தா. ஊர் மேடைகளில் இடுப்பைச் சுழற்றி அவர் ஆடிய 'துளைபோடுற' ஆட்டம் களவு வீசீடிகளில் நாடெல்லாம் பரவியது. தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது அதுக்குப் பிறகுதான். 2003இல் உலமாக்கள் கண்டித்தார்கள். தன்ர பாட்டுகளை இனுல் பாடக்கூடாது எண்டு தடுத்தவர் யார் தெரியுமோ? அதே ரோமா. முன்னாள் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித், அவரும் ஒரு மார்க்க அறிஞர்தான், இனுலின் பக்கம் நின்றார்.

ரோமாவின் பாட்டுகள் எங்களுக்கு இப்பவும் பிடிக்கும். கோபமும் இருக்கு. எங்கட பீடத்தில் கலைவிழாவுக்கு முன்னம் பெட்டையளின்ர ஆட்டத்தை மட்டும் ஆடிக்காட்டச் சொல்லுவினம். சட்டை நீளம் பார்ப்பினம், இடுப்பு அசைவைக் குறைக்கச் சொல்லுவினம். பொடியளின்ர குத்தாட்டத்தை ஒருத்தரும் கேட்கிறதில்லை. போன வருடம் நாங்கள் பயிற்சி எடுத்த ஆட்டம் பாதியாகத்தான் மேடையேறினது. பார்த்த ஆக்கள் "வடிவாயிருந்தது" எண்டினம். மற்றப் பாதியை ஆர் பார்த்தது?

இனுல் ஒதுங்கிப் போகவில்லை. தன் பெயரில் கரோக்கேக் கடைகள் நடத்தினார், இந்தோசியார் அலைவரிசையின் டங்டுட் போட்டிகளுக்கு நடுவராகவும் வந்தார். அந்தப் போட்டிகள் பல மணித்தியாலம் போகும். பாட்டைவிட நடுவர்மாரின் கதைதான் நீளம், எங்களுக்கு அலுக்கும். இனுல் கதைக்கேக்க மட்டும் தள்ளிவிடமாட்டம்.