ஆத்துல மிதந்த கிடுகுக் கொட்டில்: முழுக்கதை



இரண்டு கிழமையாக நம்ம ஊர் வட்சப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. களப்பின் நடுவில் ஒரு கிடுகுக் கொட்டில். அதன் கூரையில் சிறகை விரித்தபடி ஒரு நீர்க்காகம். கொட்டிலுக்குக் கீழே மூன்று சோடிக் கால்கள். "மிதக்கிற கக்கூஸா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "டெங்கு ஒழிப்புப் பிரிவு கடல்படையும் வெச்சிருக்காங்களா?" என்று இன்னொருவர். அந்தக் கால்கள் எங்களுடையவைதான். ஆளுக்கொரு கதை சொல்வதை விட நாங்களே முழுவதையும் எழுதிவிடுகிறோம்.

பெப்ரவரி 2 உலக ஈரநில தினம். 1971 இல் ஈரானில் ராம்சார் என்ற ஊரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் நினைவு நாள் அது. அந்த ஒப்பந்தப் பட்டியலில் இலங்கையின் 6 இடங்கள் இருக்கின்றன. பூந்தலை அதில் முதலாவது, நம்ம பக்கத்துக் குமணையும் ஒன்று. தினத்தை முன்னிட்டு ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "உங்களுக்குத் தெரிந்த பத்து உயிரினங்களை எழுதுங்க" என்றோம். சிங்கம் எல்லாரிடமும் இருந்தது. ஒட்டகச்சிவிங்கி இருந்தது. பென்குயின் இருந்தது. ஒரு தம்பி டைனோசர் எழுதி, அடைப்புக்குறிக்குள் "மௌத்தாகிவிட்டது" என்றும் போட்டிருந்தார். ஆனால் பள்ளிக்கூடத்து மதிலில் இருந்து பத்து நிமிட நடையில் உள்ள களப்பின் கூழைக்கடா ஒரு தாளிலும் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வடக்கே தெற்கே 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற, கிழக்கு மாகாணத்தின் மிகப் பெரிய களப்பு நமது மட்டக்களப்பு வாவி. நாமோ அதை வெறும் "ஆறு" என்போம். வீட்டின் முகம் ரோட்டுப் பக்கம், முதுகு ஆத்துப் பக்கம். பின்வேலிக்கு அங்கால் என்ன இருக்கிறதென்று பார்க்கப் பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை. தொலைக்காட்சியில் ஆபிரிக்கா தெளிவாகத் தெரிகிறது. அதனால் நாமும் ஒரு படம் எடுப்போம் என்று தீர்மானித்தோம்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஒருவர் மரவேலை படிப்பிக்கிறவர். மூன்றாமவர் தமிழ் படிப்பிக்கிறவர், ஆகவே பாரம் தூக்கவும் இப்படி எழுதவும் மட்டும் உதவுவார்.

படகு வாடகைக்குக் காசு இல்லாததால் கட்டினோம். ஆறு நீலப் பெரல், நைலோன் கயிறு, கமுகஞ்சலாகை, தளத்துக்கு இரண்டு பழைய கதவு. ஒரு கதவில் கைபிடியும் கொண்டியும் அப்படியே இருந்தன. கரையில் இருந்த ஒரு மாமா நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாஸ்டர்மார், நடு ஆத்துல போய்க் கதவத் திறந்திராதீங்க மனே" என்றார்.

விஞ்ஞான சேர் மணலில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பெரல் 210 லீற்றர். ஆறும் முழுக்க அமிழ வேண்டுமென்றால் 1,200 கிலோவுக்கு மேல் ஏற வேண்டும். மூன்று ஆசிரியர்களும் ஒரு கமராவும் அதில் கால்வாசிதான். "மூழ்க வழியே இல்லை" என்றார். அந்தக் கணக்கு முழுக்கச் சரி என்பதற்கு நாங்கள் சாட்சி. கடைசி வரை மூழ்கவில்லை.

பறவைகள் எங்களைக் காணக்கூடாது என்பதற்காகத்தான் கிடுகுக் கொட்டில். இது நம்ம கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் பறவைகளைப் படம் பிடிக்க 1900 ஆம் ஆண்டளவில் மாட்டுத்தோலால் ஒரு பொய் மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் நின்றிருக்கிறார்கள். ஒரு நாள் மாடு ஆளோடு சேர்ந்து கவிழ்ந்து, நாலு காலும் வானத்தைப் பார்த்துக் கிடந்ததாம். இதை விஞ்ஞான சேர் எங்களுக்கு ஊக்கம் தருவதற்காகத்தான் சொன்னார்.

முதல் நாள் சுபஹ் தொழுதுவிட்டு இறங்கினோம். ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி வந்தது. மற்ற மீன்கொத்திகள் கொப்பில் காத்திருந்து பாயும். இதற்கு அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலையைக் கீழே குத்தி மீனைக் குறிபார்க்கத் தெரியும். படம் எடுக்க இதைவிட வசதியான பறவை உலகத்தில் இல்லை. ஆனால் வெறும் பெரல் தண்ணீரில் உயரமாக மிதக்கும், சின்ன அலைக்கும் ஆடும். வீடியோவில் பார்த்தால் மீன்கொத்தி ஒரு பக்கத்தால் வந்து மற்றப் பக்கத்தால் போகிறது, மேலே போகிறது, கீழே போகிறது. உண்மையில் அது நின்ற இடத்தில்தான் நின்றது. பறந்தவர்கள் நாங்கள்.

இரண்டாம் நாள் கண்டல் ஓரத்தில் ஒதுங்கி இருந்தபோது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை எங்களை நோக்கி வந்தது. இந்தக் களப்பில் முதலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். மரவேலை சேர் சத்தமாகக் கலிமாச் சொல்லத் தொடங்கினார். வந்தது கபரகொய்யா. எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, மதிப்பே இல்லாமல் திரும்பிப் போனது. அந்த நாற்பது விநாடிப் பதிவில் படம் இருட்டு, கலிமா மட்டும் தெளிவு. விஞ்ஞான சேர் அதை அழிக்க விடவில்லை. "ஒலிப்பதிவு தரமாக இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள்தான் உங்கள் கைக்கு வந்த படம். கிடுகு இடைவெளியால் லென்ஸை நீட்டி, தூரத்தில் ஒரு கூழைக்கடாவுக்காக இரண்டு மணித்தியாலம் மூச்சு விடாமல் காத்திருந்தோம். கரையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏன் என்று தெரியவில்லை. நீர்க்காகம் ஒன்று எங்கள் கூரையிலேயே வந்து உட்கார்ந்து சிறகு காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகு நனையக்கூடியது. நனைவதால்தான் அது சுலபமாக ஆழத்துக்குப் போய் மீன் பிடிக்கிறது. அதனால்தான் வெளியே வந்ததும் சாறனைக் கொடியில் போடுவது போலச் சிறகை விரித்து வைக்கிறது. அதற்கு நல்ல இடம் தேவை, நாங்கள் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒன்பதாம் ஆண்டுப் பையன் ஒருவன் தன் வாப்பாவின் ஃபோனால் அதை எடுத்தான். மூன்று பேர் மூன்று நாளில் எடுத்த எதுவும் அந்தப் படத்துக்குக் கிட்ட வராது.

நாலாம் நாள் வாடைக்காற்று எழும்பியது. வடகிழக்கில் இருந்து வரும் காற்றுக்கு எங்கள் கொட்டில் நல்ல பாய்மரமாகிவிட்டது. நங்கூரமாகப் போட்ட கொங்கிறீற் நிரப்பிய பெயின்ற் வாளி சேற்றில் உழுதுகொண்டே பின்னால் வந்தது. எழுவான்கரை சிறுத்துக்கொண்டு போக, படுவான்கரை பெருத்துக்கொண்டு வந்தது. லுஹருக்கு ஊரில் இருக்க வேண்டியவர்கள் அந்தக் கரைப் புல்லுக்குள் போய்ச் செருகினோம்.

அங்கே வலை தட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "சேர்மாரு, ஊட்டையும் கொண்டே வந்துட்டீங்க?" என்றார். பிளேன்ரீ தந்தார். காற்றுத் தணிந்த பிறகு தோணியில் கட்டி இழுத்து வந்தார். வரும்போது சொன்னார்: "குருவி படம் எடுக்க இந்தக் கொட்டில் என்னத்துக்கு? மனிசன் ஒளிச்சிருந்தாத்தான் அதுகளுக்குச் சந்தேகம். வெள்ளாப்புல நம்மட தோணியில வந்து சும்மா குந்தியிருங்க. வலையோட வாறவனத் தேடி அதுகள் தானா வரும்."

அப்படியே போனோம். அப்படியே வந்தன. வலை இழுக்க இழுக்க ஆலாக்கள் தலைக்கு மேல் வட்டமிட்டன. செம்பருந்து இறங்கி, நழுவிய மீனைக் காலால் கௌவிக்கொண்டு போனது. கொக்குகள் தோணி ஓரமாகவே நடந்தன. கூழைக்கடா ஒன்று பங்கு வாங்க வந்த ஹாஜியார் போல நின்றது. எங்கள் படத்தில் பறவை தெளிவாகத் தெரிகிற காட்சிகள் அத்தனையும் அந்தத் தோணியில் இருந்து எடுத்தவை.

அந்த அண்ணன் நம்ம கரையைக் கையால் காட்டி இன்னொன்றும் சொன்னார். "முந்தி அந்தக் கரை நெடுகிலும் கிண்ணை மரம் நிண்டது. றால் குஞ்செல்லாம் அந்த வேருக்குள்ளதான். வலை போட நாங்க உங்கட பக்கம்தான் வாறது. இப்ப வாறல்ல." குற்றம் சாட்டும் குரல் இல்லை. பழைய பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

பெப்ரவரி 2 ஆம் திகதி பிரதான மண்டபத்தில் படம் போட்டோம். 19 நிமிடம். கலிமாவுக்கு மண்டபம் அதிர்ந்தது. மரவேலை சேர் எழுந்து நின்று சலாம் சொன்னார். பிறகு தோணியில் இருந்து எடுத்த நீண்ட காட்சி. கூழைக்கடா மெதுவாக நீந்துகிறது, அதன் பின்னால் நம்ம கரை நகர்கிறது. முன்வரிசையில் ஒரு தம்பி துள்ளி எழும்பினான். "சேர், நிப்பாட்டுங்க! அது எங்கட ஊட்டு வேலி!" அடுத்தவன், "அது எங்கட உம்மா காயப்போட்ட உடுப்பு!" என்றான். மாமி வீடு, கிணற்றடி, முருங்கை மரம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு கைதட்டினார்கள். தங்கள் வீட்டை அந்தப் பக்கத்தில் இருந்து அவர்கள் ஒருபோதும் பார்த்ததில்லை. நாங்களும் பார்த்ததில்லை.

அடுத்து வந்தது ஒரு மேடு. பொலித்தீன், உடைந்த சீமெந்துக் கல், தேங்காய் மட்டை, நப்கின் எல்லாம் தண்ணீருக்குள் சரிந்து கிடந்தன. ஒரு வெள்ளைக் கொக்கு அதன் மேல் நின்றது. கைதட்டல் நின்றது. "இது ஆர்ட ஊட்டுப் பின்பக்கம்?" என்று பின்னால் ஒரு குரல். ஒருவரும் பேசவில்லை.

பிறகு ஒரு சின்னப் பிள்ளை கை உயர்த்தினாள். "எங்கட, சேர். வாப்பா நிரப்புறார். ராத்தாக்கு ஊடு கட்ட."

எதைக் கேட்டாலும் விளக்கம் வைத்திருக்கிற விஞ்ஞான சேர், "உண்மையைச் சொன்னீங்க மகள், இருங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பிள்ளை யாரென்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம். படத்தில் அப்படி ஒரு மேடு மட்டும் இல்லை. அந்த வாப்பாவைக் குப்பை போடுகிற மனிதன் என்று நாங்கள் நினைக்கவில்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் நம்ம ஊரில் கலியாணம் இல்லை. ஊருக்குள் ஒரு பேர்ச் காணி வாங்கும் வசதி கூலிக்காரனுக்கு இல்லை. பின்வேலிக்கு அங்கால் யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர் கிடக்கிறது. அவர் கண்ணுக்கு அது மகளின் கலியாணமாகத் தெரிகிறது.

ஆனால் மாரியில் மேற்கே வயல்வெளிகளில் பெய்கிற மழையெல்லாம் இந்தக் களப்பில்தான் இறங்குகிறது. முகத்துவாரம் வெட்டுப்படும் வரை அந்தத் தண்ணீர் எங்கேயாவது நிற்க வேண்டும். அது நிற்கிற இடத்தை நிரப்பினால், நிரப்பிய இடத்தில் கட்டிய வீட்டுக்குள் வந்து நிற்கும். முதலில் நனைவது அந்த ராத்தாவின் புது வீடுதான். கொக்கு எங்காவது பறந்து போய்விடும், குமர் ஒன்றைக் கரைசேர்க்க வழியில்லாத வாப்பா எங்கே போவார்?

ஒரு வாரம் சிரமதானம் செய்து மேட்டை அள்ளிவிடலாம். வீட்டுக்கு இடமில்லாத வரை அடுத்த மாதம் அது திரும்ப வளரும். இருக்கிற வீட்டுக்கு மேல் மாடி கட்ட ஊர் கை கொடுக்குமா? வீடு இருந்தால்தான் கலியாணம் என்கிற வழக்கத்தை மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் இளக்குவார்களா? இதற்கு மூன்று வாத்திமாரும் ஆறு பெரலும் போதாது. ஊர் கூடிப் பேச வேண்டிய கதை இது.

வருகிற வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு, ஆத்தங்கரையில் வெள்ளைச் சேலை கட்டி அதே படத்தைப் பெரியவர்களுக்குக் காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்கு இடம் தனியாக உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் மாப்பிள்ளை தேடுகிற வாப்பாமாரும், முக்கியமாக மாப்பிள்ளையின் உம்மாமாரும் வாருங்கள். படுவான்கரை அண்ணனும் தோணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். படம் முடிந்ததும் எழும்பிப் போகாமல் அரை மணித்தியாலம் இருங்கள், அந்தப் பிள்ளை சொன்னதைப் பற்றிப் பேசுவோம்.

கதிரை குறைவு. பாய் கொண்டு வாருங்கள்.