ப்ளஸ் டூ முடிச்சாச்சு... அடுத்து?

மே மாதம் வந்துவிட்டால் போதும், தமிழ்நாட்டில் பதினேழு வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கெல்லாம் திடீரென்று சொந்தக்காரர்கள் அதிகமாகிவிடுவார்கள். முதல் கேள்வி, "மார்க் எவ்வளவு?" இரண்டாவது கேள்வி, "எந்தக் காலேஜ்?" இந்த இரண்டுக்கும் நடுவில் "காலேஜ்தானா, இல்லை வேறு ஏதாவது யோசனை இருக்கிறதா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. நாற்பது வருட உழைப்புக்கான முடிவு நாலு வாரத்தில் எடுக்கப்படுகிறது. பல வீடுகளில் அதை எடுப்பவர் மாமா.

காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே ஒரு பாடம் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டுப் போகிற அடுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறதே, அதுதான் உண்மையான செலவு என்று. பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிற விஷயம். காலேஜுக்கு ஆகும் செலவு ஃபீஸ் மட்டுமல்ல. அந்த மூன்று நான்கு வருடங்களில் சம்பாதித்திருக்கக்கூடிய பணமும், கற்றிருக்கக்கூடிய தொழிலும் சேர்ந்ததுதான்.

கல்விக் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். கட்ட ஆரம்பிக்கும் நாளில் நான்கு லட்சம் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்குகிற பையனுக்கு இது பாதி. இந்தக் கணக்கை அட்மிஷன் போடுமுன் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுகிற பெரியவர் எத்தனை வீட்டில் இருக்கிறார்?

சரி, வேறு என்ன வழிதான் இருக்கிறது? ஐ.டி.ஐ என்றால் மார்க் எடுக்காதவன் போகிற இடம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. முடித்தால் 1961-ம் வருட அப்ரன்டிஸ் சட்டப்படி கம்பெனியில் உதவித்தொகையோடு பயிற்சி. பெரம்பூர் ஐ.சி.எஃப், திருச்சி பெல் மாதிரி இடங்களில் அப்ரன்டிஸாக நுழைய அந்தச் சான்றிதழ்தான் சீட்டு. அங்கே பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை என்று உத்தரவாதம் எதுவும் கிடையாது. அதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

காமர்ஸ்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு பாதை சி.ஏ. ப்ளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம், எந்த குரூப் படித்திருந்தாலும் சரி. 2023-ல் வந்த புதிய திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது. இன்ஜினியரிங்கோடு ஒப்பிட்டால் செலவு ரொம்பக் குறைவு. ஆனால் ரிசல்ட் வரும் நாளில் பாஸ் சதவீதத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் பலர் பக்கத்திலேயே ஒரு பி.காமையும் தபாலில் போட்டு வைக்கிறார்கள். புத்திசாலித்தனம்! அங்கீகாரம் உள்ள தொலைதூரப் பட்டத்தை நேரடிப் பட்டத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று யு.ஜி.சி 2022-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

"குரூப் 4 எழுதிடு, பத்தாவது போதும்" என்பவர்களும் உண்டு. பத்தாவது போதும் என்பது உண்மை. 2024 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல் என்பதும் உண்மை. அதில் டிகிரி முடித்தவர்களும் இன்ஜினியர்களும் ஏராளம். இதை மட்டும் நம்பி ஒரு பையனை வீட்டில் உட்கார வைப்பது அவனுக்குச் செய்கிற உதவி அல்ல.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "காலேஜ் எல்லாம் வேஸ்ட், பில்கேட்ஸ் பாதியில் விட்டவர்தானே" என்று மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர் பாதியில் விட்டது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை. வீட்டில் வசதி இருந்தது. உத்திரமேரூர் பக்கத்தில் கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உதாரணம் எதற்கு?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கே வேறு. ஒரு பையன் காலேஜ் போகாவிட்டால் வேலைக்குப் போவான். பல ஊர்களில் ஒரு பெண் காலேஜ் போகாவிட்டால் அவளுக்குக் காத்திருக்கிற "மாற்றுப் பாதை" தொழிற்பயிற்சி அல்ல, ஜாதகம். பதினெட்டு முடியட்டும் என்று காத்திருப்பார்கள், சில வீடுகளில் அதுகூட இல்லை. அவளுக்கு அந்த மூன்று வருட பி.ஏ. தமிழோ பி.எஸ்சி கணிதமோ சம்பளக் கணக்கில் நஷ்டமாகத் தெரியலாம். ஆனால் கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போடுகிற ஒரே காகிதம் அந்த அட்மிஷன் கார்டுதான். 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயைப் பலர் கிண்டல் செய்தார்கள். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் இருப்பதன் அருமை, நீட்டியவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பணம் டிகிரிக்கு மட்டுமல்ல, டிப்ளமோ, ஐ.டி.ஐ படிக்கிற அரசுப் பள்ளி மாணவிகளுக்கும் உண்டு. இது தெரியாமலே விட்டுவிடுகிற வீடுகள் இருக்கின்றன.

பிறகு மாற்றிக்கொள்ளலாமா என்றால், கதவுகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ-யில் இரண்டாம் வருடம் சேரலாம். ஆனால் மாதச் சம்பளம் வீட்டுக்கு வர ஆரம்பித்து, தங்கை கல்யாணமும் பேச்சில் வந்துவிட்டால், திரும்பிப் படிக்கப் போவது லேசு இல்லை.

எனவே பெரியவர்கள் உதவ நினைத்தால், அறிவுரைக்குப் பதில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஒரு நாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில், ஒரு நாள் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார வைக்கலாம். காலேஜைப் பற்றி அட்மிஷன் கவுண்ட்டரில் கேட்காமல், வாசல் டீக்கடையில் நிற்கிற கடைசி வருட மாணவர்களிடம் கேட்கலாம். "போன வருஷம் உங்க கிளாஸில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம்?" என்று கேட்டால் போதும், பேனரில் இருக்கிற சிரித்த முகங்களைவிட அவர்கள் நிறையச் சொல்வார்கள். முக்கியமாக, இந்தப் பேச்சை ரிசல்ட்டுக்கு அப்புறம் ஆரம்பிக்காமல், பதினொன்றாம் வகுப்பு அரையாண்டு லீவிலேயே ஆரம்பித்துவிடலாம். அப்போது மாமாவும் ஊரில் இருக்க மாட்டார். :-)